சிறுவர் அரங்கு கேள்வி பதில்: தினமும் முதலிலிருந்து ஓட்டலாமா?

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒத்திகை பழக்குவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கான பதில்கள்.

தரம் 4 பிள்ளைகள் 20 பேர். வயலுக்குள் யானை வரும் கதை, 12 நிமிட நாடகம். தினமும் ஒரு பாடவேளை முதலிலிருந்து ஓட்டுகிறோம். தொடக்கம் நல்லாக இருக்கிறது. முடிவு வரும்போது யார் எங்கே நிற்பது என்றே தெரியாமல் முழிக்கிறார்கள். இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. (ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

தினமும் முதலிலிருந்து ஓட்டுவதால்தான் இது வருகிறது. நாற்பது நிமிடத்தில் தொடக்கக் காட்சியை மூன்று தரம் பார்த்திருப்பீர்கள். முடிவுக் காட்சிக்குப் போகும்போது மணி அடித்திருக்கும். இப்படியே போனால் பிள்ளைகள் நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போகிறார்கள், மேடையிலும் அப்படியே சரிவார்கள்.

நாடகத்தை ஒன்றரை, இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். ஆறேழு துண்டு வரும். யாராவது உள்ளே வரும் இடத்திலோ வெளியே போகும் இடத்திலோ வெட்டினால் பிள்ளைகளுக்கு எல்லை விளங்கும். துண்டுக்குப் பெயரை அவர்களே வைக்கட்டும்: "யானை வருகுது", "காவற்பரணில நித்திரை", "பந்தம் கொளுத்துறது". "மூன்றாம் காட்சியின் நடுப்பகுதி" என்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. "பந்தம் கொளுத்துறதைச் செய்வம்" என்றால் 20 பேரும் தத்தம் இடத்துக்கு ஓடுவார்கள்.

பாடவேளை 40 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உடலையும் குரலையும் இளக்க 5 நிமிடம். இன்று எந்தத் துண்டு, அதில் எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று சொல்ல 3. அந்த ஒரு துண்டில் வேலை 20. அதை முந்திய துண்டோடு பொருத்திப் பார்க்க 7. நிலத்தில் இருத்திப் பேச 5. அந்த 20 நிமிடத்தில் ஒரு துண்டை மூன்று விதமாக எடுக்க வேண்டும். முதற்தரம் மெதுவாக, வசனத்தைவிட இடத்தையும் நடையையும் கவனித்து. இரண்டாந்தரம் பிழைத்த இடத்தில் நிறுத்தி, இரண்டு வசனம் பின்னுக்குப் போய், திருத்தி. மூன்றாந்தரம் என்ன பிழைத்தாலும் நிறுத்தாமல். இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் நிறுத்தித் திருத்தியே பழகிய பிள்ளை, மேடையில் பிழை விட்டதும் ரீச்சரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

முடிவுத் துண்டை முதற்கிழமையிலேயே எடுங்கள். முதல் மூன்று கிழமையும் துண்டு துண்டாக, நாலாங்கிழமை இரண்டும் மூன்றுமாகப் பொருத்தி, ஐந்தாங்கிழமை முழுவதும். நம்மூர்க் கூத்தின் ஒழுங்கும் இதுதானே. சட்டம் (அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய தாள்) கொடுத்து, ஆட்டமும் பாட்டும் தனித்தனியே பழக்கி, சதங்கை அணிந்து, பிறகுதான் அடுக்குப் பார்க்கிறார்கள், அதாவது கூத்து முழுவதையும் சேர்த்து ஆடிப் பார்க்கிறார்கள். சட்டம் கொடுத்த கிழமையே கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரும் அடுக்குப் பார்ப்பதில்லை.

"நில்லுங்கோ" என்று கத்திக் கத்தித் தொண்டை போகிறது. ஒருவரைத் திருத்தும்போது மற்றவர்கள் தள்ளுமுள்ளு. (ஆசிரியர், வாழைச்சேனை)

முதல் இரண்டு ஒத்திகையில் நாடகத்தையே தொடாதீர்கள். நிற்கவும், நின்ற இடத்தை நினைவில் வைக்கவும், அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கவும் மட்டும் பழக்குங்கள். அதற்குக் குரலைவிட ஓசை நல்லது. கூத்தில் தாளந்தீர்த்ததும், அதாவது மத்தளத்தில் முடிப்புத் தட்டு விழுந்ததும், ஆட்டம் நிற்கும். அதுபோல மத்தளம் இருந்தால் அப்படி ஒரு தீர்ப்பு, இல்லாவிட்டால் மேசையில் மூன்று தட்டு. தட்டு விழுந்ததும் கை எங்கே இருந்ததோ அங்கேயே உறைய வேண்டும். ஐந்து எண்ணும்வரை நிற்கட்டும். பிறகு எல்லோரையும் சுவரோரம் அனுப்பி, "விட்ட இடத்துக்குப் போங்கோ" என்று கேளுங்கள். யாருடைய காலுக்கு அருகில் நின்றோம், எந்தப் பக்கம் பார்த்தோம் என்று அவர்களே ஒருவரையொருவர் திருத்துவார்கள். இது ஒரு விளையாட்டாகவே போய்விடும்.

காத்திருப்பவர்களுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் வசனக் கொப்பி பார்க்கட்டும், ஒருவர் சல்லரி (கைத்தாளம்), இருவர் பொருட்கள் மேசை, ஒருவர் கடைசி வாங்கில் இருந்து கேட்காத வசனத்துக்குக் கை உயர்த்தட்டும். கிழமைக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். எட்டு வயதுப் பிள்ளையை வேலையின்றி 20 நிமிடம் சும்மா இருக்கச் சொல்வது நியாயமில்லை.

திருத்தம் ஒரு தரத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒன்று. "இன்னும் நல்லாச் செய்" என்பதில் செய்வதற்கு எதுவுமில்லை. "மகள், குடத்தை வைச்சிட்டுத்தான் திரும்ப வேணும்" என்றால் அடுத்த தரமே செய்துவிடும். நீங்களே நடித்துக் காட்டவும் வேண்டாம். காட்டினால் 20 பேரும் உங்களைப்போலவே கையை ஆட்டுவார்கள்.

இடம் வலம் சொன்னால் குழம்புகிறார்கள். வகுப்பறையில் சரியாக நின்றவர்கள் மண்டபத்தில் ஒருவரையொருவர் இடிக்கிறார்கள். (ஆசிரியை, ஆரையம்பதி)

இடிப்பதற்குக் காரணம் அளவு. மண்டப மேடையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து, அதே அளவை வகுப்பறையிலோ முற்றத்திலோ குறியுங்கள். வகுப்பறை போதாவிட்டால் மரத்தடி மணலில் கோடு கீறலாம். சீமெந்துத் தரையில் வெண்கட்டிக் கோடு 20 பேரின் கால்பட்டுப் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும். கடதாசி ஒட்டுநாடா நிற்கும், ஆனால் மணல் கிடந்தால் ஒட்டாது, முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறி வைக்காதீர்கள், வைத்தால் எல்லோரும் குனிந்து நிலத்தையே பார்ப்பார்கள். நான்கு மூலை, நடு, உள்ளே வரும் இரண்டு வாசல் போதும்.

திசைக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லே இருக்கிறது. நடிகரின் வலப்பக்கத்துக்கு எழுவான் (சூரியன் எழும் பக்கம்), இடப்பக்கத்துக்குப் படுவான் (சூரியன் படும் பக்கம்) என்று பெயர் வைத்துவிடுங்கள். ஒரு சிக்கல்: வேறு பாடசாலை மண்டபத்தில் வலயப் போட்டி நடந்தால் சூரியன் மறுபக்கம் இருக்கலாம், "எழுவான் அங்கால எல்லோ" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். எழுவான் பக்கம் ஒரு நீலத்துணி, படுவான் பக்கம் ஒரு பச்சைத்துணி கட்டியே பழக்குங்கள். போட்டிக்கும் அந்தத் துணிகளைக் கொண்டுபோய்ப் பக்கத்திரைக்குள் கட்டுங்கள்.

மகளுக்கு வசனம் தண்ணீர்பட்ட பாடு. வீட்டில் நான்தான் பாடமாக்கினேன். ஆனால் ஒத்திகையில் மற்றவர்கள் பேசும்போதும் அவளுக்கு வாய் அசைகிறதாம், பேசுவதும் ஒரே இராகமாக இருக்கிறதாம். (தாய், திருக்கோவில்)

அம்மா, இரண்டுக்கும் ஒரே காரணம்: நாடகத்தின் முழு எழுத்தையும் மேலிருந்து கீழே ஒரு செய்யுளைப்போல மனனம் செய்திருக்கிறார். அடுத்த வரி வாயில் வரவேண்டுமானால் முந்திய வரியை ஓட்டியே ஆகவேண்டும், அதனால்தான் வாய் அசைகிறது.

இனி வீட்டில் இப்படிச் செய்யுங்கள். அவருடைய வசனத்துக்கு முந்தியதன் கடைசி மூன்று சொல்லை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், பதிலாக அவர் தன் வரியைச் சொல்லட்டும். பிறகு வரிசையைக் கலைத்து, நடுவிலிருந்தும் முடிவிலிருந்தும் கேளுங்கள். தேங்காய் திருவும்போதும் முற்றம் கூட்டும்போதும் கேட்டால் இன்னும் நல்லது, கை வேறு வேலையில் இருந்தால் இராகம் தானாகவே உதிரும். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் பழகிய ஏற்ற இறக்கத்தை ஒத்திகையில் மாற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடக் கஷ்டம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: எழுத்தைக் கொடுக்குமுன் முழு நாடகத்தையும் இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள். துண்டு வசனம் மட்டும் கையில் கிடைத்த பிள்ளைக்குக் கதை தெரியாது, மற்றவர் பேசுவதைக் கேட்கவும் தோன்றாது. பிறகு பந்து ஒன்றை வைத்து வட்டமாக இருத்தி, வசனம் பேசியவர் அடுத்துப் பேசவேண்டியவருக்கு எறியட்டும். பந்து தவறான கைக்குப் போனால், கேட்காமல் இருந்தவர் யார் என்று உடனே தெரியும்.

நான்கு பிள்ளைகள் சேர்ந்து யானையாக வருகிறார்கள். உடுப்பை எப்போது கொடுப்பது? (ஆசிரியர், தம்பிலுவில்)

பொருட்களை இரண்டாங்கிழமையிலேயே. உண்மையானது கிடைக்காவிட்டால் அதே பாரமுள்ள மாற்று: பந்தத்துக்குத் தடி, குடத்துக்குத் தண்ணீர்ப் போத்தல். வெறுங்கையால் குடம் தூக்கிப் பழகிய பிள்ளை உண்மையான குடத்தை எந்தக் கையால் பிடிப்பது என்று மேடையில்தான் யோசிக்கும்.

யானைக்குத் தும்பிக்கை தவிர மற்றதெல்லாம் கடைசிதான். முதலில் துணியில்லாமல் நால்வரும் ஒரே காலில் தொடங்கி நடக்கப் பழகட்டும். முன்னவர் மெதுவாக எண்ண, மற்றவர்கள் அந்த எண்ணுக்கு அடி வைக்கட்டும். துணி போட்டபின் பின்னவர்களுக்குக் கண் தெரியாது, காதுதான் தெரியும். திரும்பும்போது முன்னவர் சிறு அடி, பின்னவர் பெரிய அடி. இது பிழைத்தால் யானை நடுவில் அறும். முழு உடுப்போடு குறைந்தது இரண்டு ஒத்திகை. வெயில் நேரத்தில் துணிக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நாடகத்துக்கு முதல் நாள் முக்கிய பாத்திரத்துக்குக் காய்ச்சல் வந்தால்? (ஆசிரியை, கல்முனை)

மாற்றாளைத் தனியாகத் தேடாதீர்கள். மூன்றாங்கிழமையில் ஒரு நாள் பாத்திரங்களைக் கலைத்து, கொப்பியைப் பார்த்தபடியே ஒரு துண்டை ஓட்டுங்கள். யாருக்கு யாருடைய வசனம் ஏற்கனவே தெரியும் என்று அப்போது தெரியும், அனேகமாக அது கொப்பி பார்த்த பிள்ளையாகத்தான் இருக்கும். நாடக நாளில் மாறி ஆடுபவர் திணறினால் முழு வரியையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், முதல் இரண்டு சொல் போதும்.