திர்ஹம் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். மாதம் 2,000 திர்ஹம் அனுப்புவார். இப்போது, "திர்ஹம் ஏறிக்கொண்டே போகிறது, பொறுத்திருந்து மொத்தமாக அனுப்புகிறேன்" என்கிறார். இங்கே நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் நகை அடகில் இருக்கிறது. திர்ஹத்தை டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள், டாலர் விழுந்தால் அதுவும் விழும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– பரங்கிப்பேட்டை வாசகி

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. அந்தந்த மாதப் பணத்தை அந்தந்த மாதமே அனுப்பச் சொல்லுங்கள். முதல் வேலையாக நகையைத் திருப்புங்கள்.

டாலருக்கு எதிரே திர்ஹம் ஏறவே இல்லை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற கணக்கு 1997 முதல் அப்படியே நிற்கிறது. அமீரக மத்திய வங்கி அந்த விலையை ஒட்டியே டாலரை வாங்கவும் விற்கவும் தயாராக இருக்கிறது; எண்ணெய் விற்ற டாலர் கையில் இருப்பதால் அதற்கு அது முடிகிறது. நகர்வது நம் ரூபாய்தான். 2013 தொடக்கத்தில் டாலர் சுமார் 55 ரூபாய், பத்து ஆண்டு கழித்து 82-ஐத் தாண்டிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றம்.

இதை உங்கள் அடகு வட்டியோடு வைத்துப் பாருங்கள். திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 2,000 திர்ஹம் 46,000 ரூபாய். அதை ஒரு மாதம் தள்ளி அனுப்பினால் அந்தத் தொகைக்கு 460 ரூபாய் வட்டி ஏறிவிடும். அதை ஈடுகட்டவே அந்த ஒரு மாதத்தில் திர்ஹம் 23 காசு ஏற வேண்டும். சில மாதங்களில் அப்படி ஏறும்தான், ஆனால் மாதா மாதம் ஏற வேண்டுமானால் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் சரிய வேண்டும். அதை நம்பி நகையை அடகில் விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டாலர் விழுந்தால்? யூரோவுக்கு எதிரே டாலர் இறங்கினால் திர்ஹமும் கூடவே இறங்கும், உண்மை. ஆனால் நீங்கள் மாற்றுவது ரூபாயாக. 2025-இல் யூரோவுக்கு எதிரே டாலர் நன்றாகவே இறங்கியது; அதே ஆண்டில் ரூபாய் டாலரைவிட மோசமாகச் சரிந்தது. கட்டு அறுந்துபோன நாடுகளும் உண்டு. லெபனானில் 1997 முதல் ஒரு டாலர் சுமார் 1,507 பவுண்டு என்று நின்றது. உள்ளே வரும் டாலர் வற்றியதும் 2019-இல் சரியத் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் வரும் அமீரகத்துக்கு அந்த நிலைமை இல்லை, அந்தப் பயம் வேண்டாம். (1966 வரை துபாயில் புழங்கியதே நம் ரிசர்வ் வங்கி அச்சிட்ட ரூபாய்தான். அந்த ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள்.)

பணம் உண்மையில் கசிவது எக்ஸ்சேஞ்ச் கடையில். அன்றைய டாலர் விலையை 3.6725-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். டாலர் 85 ரூபாய் என்றால் திர்ஹம் 23 ரூபாய் 14 காசு வரும். கடையில் 22 ரூபாய் 90 காசு கொடுத்தால் 2,000 திர்ஹத்துக்கு 480 ரூபாய் கடைக்குப் போகிறது, அனுப்பும் கட்டணம் தனி. இரண்டு மூன்று இடத்தில் கட்டணத்தையும் சேர்த்து, "ஊரில் கையில் எவ்வளவு ரூபாய் கிடைக்கும்?" என்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ரேட் கூடக் கிடைக்கிறது என்று, வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில் மட்டும் அனுப்ப வேண்டாம். அது சட்டவிரோதம்; பணம் வராவிட்டால் போய்க் கேட்க இடமும் இல்லை.

அப்புறம், நகை வீட்டுக்கு வந்து பணம் மிச்சமாகத் தொடங்கினால், ரூபாய் இன்னும் இறங்கும் என்ற உங்கள் கணவரின் கணிப்புக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நம் வங்கிகளில் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் உண்டு. டாலராகவே ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை போடலாம், முதிரும்போது டாலர் கணக்கிலேயே திரும்ப வரும். திர்ஹம் டாலரோடு கட்டியிருப்பதால் அது திர்ஹமாகவே சேர்த்து வைத்த மாதிரிதான். அவர் அங்கே இருக்கும் வரை வட்டிக்கு இங்கே வருமான வரியும் இல்லை. ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டி கிடைக்காது, ஆகவே அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போட வேண்டாம்.