நைஜீரியாவின் இக்போ மக்களின் கட்டடக்கலையும் கைவினையும் அவர்களே வளர்த்தவையா, வெளியாரிடமிருந்து வந்தவையா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கட்டடக்கலை மாணவர் என்று தோன்றுகிறது. ஆசிரியர் ஆப்பிரிக்க மரபுக் கட்டடங்கள் என்று ஒரு கருத்தரங்குத் தலைப்பை உங்கள் தலையில் கட்டியிருப்பார். நீங்களும் இணையத்தில் தேடியிருப்பீர்கள். எகிப்தியர், யூதர், அரபு வணிகர், போர்த்துகீசியர் என்று எல்லாரும் வரிசையாக வந்து நின்றிருப்பார்கள், இக்போக்காரர் ஒருவரைத் தவிர. சுருக்கமான பதில் போதுமென்றால் இதோ: பொருள்கள் வெளியிலிருந்து வந்தன, நிறையவே வந்தன, வேலை அவர்களுடையது. மீதியைப் படிக்க நேரமிருந்தால் படியுங்கள். இது எனக்குக் கொஞ்சம் சூடான விஷயம் என்பதால் நீளும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தொல்லியலாளன் அல்லன். தென்கிழக்கு நைஜீரியாவின் எனுகு நகரில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சைட் இன்ஜினியராகச் சில வருடங்கள் இருந்தவன், அவ்வளவுதான். 'கிடங்கு கட்டப் போனவனுக்குக் கலை வரலாறு எதற்கு' என்று கேட்பவர்கள் கேட்கலாம். சுவர், கூரை, கதவு பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வெண்கலத்தைப் பற்றிச் சொல்வது படித்தது.

எங்கள் நிறுவனத்தில் இந்தியர்களுக்கென்று ஒரு மெஸ் இருந்தது. அங்கே மூத்த அதிகாரி ஒருவர், நம் ஊர்க்காரர்தான், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உலக வரலாறு நடத்துவார். இக்போ-உக்வு என்ற ஊரில் கிடைத்த வெண்கலப் பொருள்களின் படங்களை எங்கிருந்தோ பார்த்துவிட்டு வந்திருந்தார். கயிற்று வலைக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு குடம். குடமும் வெண்கலம், கயிறும் வெண்கலம், முடிச்சும் வெண்கலம். "தம்பி, இது இவர்கள் வேலையாக இருக்க முடியாது. மெழுகு வார்ப்பு நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்தை. கப்பலேறி வந்திருக்கும்" என்றார். (மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது மெழுகு வார்ப்பு.) மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் "சார், சோழர் கப்பல் போனது கிழக்கே அல்லவா" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பொருள்களின் கதை இது. 1938-இல் ஐசயா அனோசி என்பவர் தம் வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது சில வெண்கலங்கள் கிடைத்தன. அக்கம்பக்கத்தார் சிலவற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு தர்ஸ்டன் ஷா என்ற ஆங்கிலத் தொல்லியலாளர் 1959-60-இலும் 1964-இலும் முறையாக அகழ்ந்தார். ஒரு பெரிய மனிதரின் அடக்கக் குழி, சடங்குப் பொருள்களின் வைப்பறை, பொருள்களைப் போட்டு மூடிய ஒரு பள்ளம் என்று மூன்று இடங்கள். கார்பன் காலக்கணிப்பு ஏறத்தாழ கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்றது. கண்ணாடியும் சூதுபவளமுமாக மணிகள் மட்டும் சுமார் 1,65,000. கண்ணாடி மணிகளில் பல சகாராவைக் கடந்து வந்த சரக்கு என்பதில் பெரிய சண்டை இல்லை. சில இந்தியாவிலிருந்தே வந்திருக்கலாம் என்று ஷாவே ஒரு கட்டத்தில் கருதியிருக்கிறார். மெஸ் அதிகாரிக்கு இது தெரிந்திருந்தால் அன்று ஒரு பாயசமும் கேட்டிருப்பார். மணி வந்தது என்பதாலேயே வார்ப்பவனும் வந்தான் என்று ஆகிவிடாது.

சண்டை நடந்தது செம்பைப் பற்றி. 1970-களில் சிலர், அவர்களில் நைஜீரிய அறிஞரும் உண்டு, இந்தத் தேதியை நம்ப மறுத்தார்கள். இவ்வளவு செம்பு அந்தப் பக்கத்தில் ஏது, ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்ததாகத்தான் இருக்கவேண்டும், ஆகவே 15-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது என்பது வாதம். ஆள் கறுப்பர் என்பதற்காகக் காலத்தைத் தள்ளினார்கள் என்று நான் சொல்லவரவில்லை, கேள்வி நியாயமானதே. 1980-களின் கடைசியில் உலோகத்தைச் சோதித்தவர்கள் அந்தச் செம்பும் ஈயமும் அபாக்கலிக்கிப் பக்கத்துச் சுரங்கக் கனிமங்களோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். அதுவும் இக்போ நாடுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்த சான்று வேறொன்று. இந்த வார்ப்பாளர்களுக்குக் கம்பி இழுக்கவோ, பற்றவைக்கவோ, ரிவெட் அடிக்கவோ தெரிந்ததாகத் தடயம் இல்லை என்கிறார்கள் ஆய்ந்தவர்கள். மற்ற ஊர்ப் பட்டறைகளில் சாதாரணக் கையாள் செய்கிற வேலைகள் இவை. இவற்றைச் செய்யத் தெரியாதவர்கள், ஈ அளவு பூச்சியும் தவளையும் மேலே உட்கார்ந்திருக்கும் பாத்திரத்தை மெழுகு வார்ப்பில் பகுதி பகுதியாக ஊற்றி, வார்ப்பின் மேல் வார்ப்பாகவே இணைத்திருக்கிறார்கள். வெளியூர் ஆசான் வந்து கற்றுக்கொடுத்திருந்தால் முதல் நாளே பற்றவைப்பைக் கற்றுக்கொடுத்திருப்பான். ஆசான் வரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது நான் கண்ணால் பார்த்ததற்கு வருகிறேன்.

எங்கள் சைட்டில் சென்ட்ரிங் வேலைக்கு ஆவ்கா ஊர்த் தச்சர் ஒருவர் இருந்தார், வயதானவர். ஆவ்கா என்றால் கொல்லர்களும் மரச் செதுக்காளர்களும் நிறைந்த ஊர். ஊர் ஊராகப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புவது அவர்கள் மரபு. என்னை "ஓகா இன்ஜினியர்" என்பார், ஓகா என்றால் முதலாளி. நான் அவரை அங்கத்திய வழக்கப்படி "பாப்பா" என்பேன், அப்பா என்கிற மரியாதையில். ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். மெஸ் அதிகாரியும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

வீடு சாதாரண சிமென்ட் கல் வீடு, தகரக் கூரை. பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்தார் ஒரு பழைய கதவை. அவர் பாட்டனார் செதுக்கியது. ஊர் மரபில் கௌரவப் பட்டம் பெற்ற பெரியவர்களின் வளாகத்து வாசலுக்குத்தான் அந்த மாதிரிக் கதவு வைப்பார்களாம். இரோக்கோ மரம், ஒரே பலகை, கரையான் தொடவில்லை. முகப்பு முழுக்க முக்கோணமும் சாய்சதுரமும் நெருக்கமான கோடுகளும். கோட்டை வரைந்து வெட்டவில்லை. கோடு நிற்கும்படி இரண்டு பக்கத்து மரத்தையும் பள்ளமாக எடுத்திருந்தார்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் உருவம் முழுதாகத் தெரிகிறது. வாசற்கதவு மீது காலை வெயில் எந்தக் கோணத்தில் விழும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். பெரியவர் அதைச் சொல்லவில்லை.

கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் அதே மரத்தில் விட்ட முனை, குழியில் நின்று சுழல்வதற்கு. எங்கள் சிவகங்கைப் பக்கத்துப் பழைய வீடுகளில் குடுமிக் கதவு பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். நான் குனிந்து குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்: "பார்த்தாயா தம்பி, நான் சொன்னேனே. நம் கதவு!"

பெரியவர் என்ன என்று கேட்டார். இந்தியாவிலும் இப்படி ஒன்று உண்டாம், அங்கிருந்து வந்ததாம் என்று மொழிபெயர்த்தேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியானால் உங்கள் ஊருக்கும் எங்கள் ஆவ்காக்காரன் வந்திருக்கிறான். நாங்கள் எல்லா ஊருக்கும் போவோம்" என்றார். அதிகாரி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் இரண்டு வாதத்துக்கும் கனம் ஒன்றுதான். இரும்பு விலை அதிகம், மரம் கெட்டி, கதவு சுழல வேண்டும் என்றால் எந்த நாட்டுத் தச்சனும் குடுமியில்தான் போய் நிற்பான். ஒற்றுமை இருந்தாலே ஒருவர் திருடியிருக்கவேண்டும் என்பது வேலை செய்யாதவர்களின் தர்க்கம்.

இதே தர்க்கம்தான் என்சுடே பிரமிடுகள் விஷயத்திலும். எனுகுக்குப் பக்கத்தில் உடி மலைப்பகுதியில் வட்டமாக, படிப்படியாகக் குறுகும் மண் மேடைகள் பத்து இருந்தன. 1935-இல் ஜி. ஐ. ஜோன்ஸ் என்ற ஆங்கில அதிகாரி படமெடுத்து வைத்தார். அந்தப் படத்தை எகிப்தின் சக்காரா படிப் பிரமிடோடு ஒட்டிப் போட்டுக் கேள்விக்குறி வைக்காத இணையப் பக்கம் இல்லை. எகிப்தில் அது கல், செவ்வக அடித்தளம், அரசனின் கல்லறை. இங்கே மண், வட்டம், தெய்வத்துக்கு எழுப்பியது. ஈரச் செம்மண்ணை உயரமாக ஏற்றவேண்டுமென்றால், அதுவும் அந்த மழையில், கீழே அகலமாக ஒரு படை போட்டு, அது காய்ந்த பிறகு உள்ளே தள்ளி அடுத்த படையைப் போடவேண்டும். இக்போ வீட்டுச் சுவரையும் படை படையாகக் காயவைத்துத்தான் எழுப்பினார்கள். அதைத் தாழ இறங்கிய ராஃபியா ஓலைக் கூரை மழையிலிருந்து காக்கும். சுவர் எழுப்பத் தெரிந்தவனுக்கு மேடை எழுப்ப நைல் நதிக்குப் போய் வரவேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். ஊர் திரும்பிய பிறகு சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். என் கோப்பைப் புரட்டியவர், "ஆப்பிரிக்கா அனுபவத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை" என்றார். "அங்கே கட்டடமெல்லாம் உண்டா?" என்று ஒரு துணைக் கேள்வி வேறு. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அவருடைய ஒவ்வொரு வருடத்தையும் எண்ணிச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளத்தில் எனக்கு ஏற்பட்ட அந்தப் பள்ளம் ஓய்வு பெறும்வரை நிரம்பவே இல்லை. களிமண் பூமியில் அடித்தளம் போட்டு, அரைநாளில் ஆறாக மாறும் மழையில் கான்கிரீட் காப்பாற்றியவனுக்கு அனுபவம் இல்லையாம். சரி, விடுங்கள்.

வெளித்தாக்கமே கிடையாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலி என்று ஒரு ஓவிய மரபு. பெண்கள் உடம்பிலும் மண் சுவரிலும் வரைந்தது. வெள்ளைக்குச் சுண்ணக்களி, மஞ்சள் மண், சிவப்புக்குக் காம்வுட் மரம், கறுப்புக்குக் கரி. வெள்ளைக்காரன் கடையில் துணிக்குப் போடும் நீலம் வந்ததும் அந்தப் பெண்கள் அதையும் குழைத்துச் சுவரில் பூசிக்கொண்டார்கள். யாரும் கூட்டம் போட்டு அனுமதி கேட்கவில்லை. ஓவெரி வட்டாரத்தில் முன்பு எம்பாரி என்று ஒரு கட்டடம் கட்டுவார்கள். நிலத்தாய் ஆலாவுக்காக ஊரே சேர்ந்து எழுப்பியது. தேர்ந்தெடுத்த ஆட்கள் வேலிக்குள் தங்கி, கரையான் புற்று மண்ணைப் பிசைந்து, பல உருவங்களைச் செய்வார்கள். அவற்றுக்கு நடுவில் தொப்பி போட்ட வெள்ளை அதிகாரியும் இருப்பார், தரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிற மாதிரி. ஆண்ட அதிகாரியையே பொம்மையாக்கித் தங்கள் தெய்வத்தின் வீட்டில் ஒரு ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தாக்கம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போயிற்று? திறந்துவைத்த பிறகு எம்பாரியைப் பழுது பார்க்கமாட்டார்கள்; மழை தின்றுவிடும். அதனால் 'அங்கே பழைய கட்டடமே இல்லை' என்று சொல்லிவிடுவது சுலபமாகிவிட்டது. மதம் மாறியவர்கள் இடித்த கோயில்கள், 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அழிந்தவை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

உண்மையில் ஆராயவேண்டிய வெளித்தாக்கம் கண்ணெதிரே நிற்கிறது. இக்போக்காரர் எந்த ஊரில் சம்பாதித்தாலும் சொந்தக் கிராமத்தில் வீடு கட்டாவிட்டால் மரியாதை இல்லை. டிசம்பரில் எல்லாரும் ஊர் திரும்புவார்கள். வீட்டைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவார்கள். எங்கள் அலுவலகத்து இளம் வரைவாளர் ஒருவர் தம் வீட்டுக்கு என்னிடம் வரைபடம் கேட்டார். முகப்பில் ரோமானியத் தூண், அச்சில் வார்த்த சிமென்ட் கைப்பிடித் தண்டுகள். ஓலைக் கூரையின் இறக்கத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே முகம் சுருங்கிவிட்டது. "ஓகா, என் அப்பா அதற்குள் வளர்ந்தவர். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வருடம் தவறாமல் ஓலை மாற்றியவன் முதுகுக்குத்தான் தெரியும். ஆனாலும் மழை அடிக்கும் சுவருக்குக் கூரை இறக்கம் கொடுக்காமல் தூணுக்குப் பணம் கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தூண் வரைந்து கொடுத்தேன். கூரையை மட்டும் பிடிவாதமாக நீட்டினேன்.

இதற்கு அந்த மண்ணிலிருந்தே பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள். 1960-இலேயே ஊசே ஒக்கேக்கே என்ற ஓவியர், பழையதையும் வந்ததையும் நாமே தேர்ந்து கலப்போம் என்று அறிக்கை எழுதினார். அவர் தாயார் உலி வரைந்தவர். பிறகு என்சுக்கா பல்கலைக்கழகத்தில் அந்தக் கோடுகளே பாடமாயின. டெமாஸ் நுவோக்கோ இன்னொருவர், நைஜர் ஆற்றுக்கு மேற்கே இக்போ பேசும் பகுதிக்காரர். செம்மண்ணோடு சிமென்ட் கலந்த கல்லை வைத்துக் கட்டுபவர். கட்டடக்கலைப் பட்டம் இல்லாதவர். 2023-இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைத் தங்கச் சிங்கம் கொடுத்தது.

இக்போக்காரர் யூத வம்சம் என்ற பேச்சைப் பற்றிக் கேட்கப்போகிறவர்களுக்கு: அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எழுத்தாளர் ஒலாடா இக்குவியானோ 1789-லேயே தம் மக்களின் பழக்கங்களை யூதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். இன்றும் இக்போக்காரர்களில் அதை நம்புகிறவர்கள் உண்டு. அது அவர்கள் வீட்டுப் பேச்சு, நான் நடுவில் வரமாட்டேன். கதவையும் சுவரையும் அது விளக்காது என்பது மட்டும் என் கட்சி.

கருத்தரங்குக்குப் படம் வேண்டுமென்றால் எகிப்துப் படத்தைப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். சிபிக்னியேவ் டிமோகோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் நைஜீரியக் கட்டடங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்திருக்கிறார். இக்போ பகுதிக்கென்றே அதில் ஒரு தொகுதி இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வெட்டுத் தோற்றங்களை அதிலிருந்து எடுங்கள், புகைப்படம் போதாது. ஆசிரியர் எகிப்து என்று ஆரம்பித்தால் சுவரின் படையைக் காட்டிப் பேசுங்கள்.