கிங்கெரியின் செராமிக்ஸ் புத்தகம் இன்றும் படிக்கத் தகுமா?

நாகர்கோவிலில் மெட்டீரியல்ஸ் படிக்கும் தம்பி, கிங்கெரி, போவன், உல்மன் மூவரும் எழுதிய, செராமிக்ஸ் (சுட்டு இறுக்கிய பீங்கான் வகைப் பொருட்கள்) பற்றிய ‘Introduction to Ceramics’ புத்தகத்தின் 1976 பதிப்பை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்குங்கள்.

ஒரு பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை அணுவரை இறங்கிப் பேசும் புத்தகம் அது. நம் மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கும் சிர்கான் என்ற கனிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு, செய்யலாம். சுத்தமான சிர்கோனியாவைச் சுட்டு ஆறவிட்டால், சுமார் 1,000 டிகிரி வாக்கில் படிக அமைப்பு மாறி, பருத்து, விரிசல் விடும். கொஞ்சம் கால்சியம் ஆக்சைடு சேர்த்தால் தாங்கும். கால்சியம் உள்ளே போகும்போது ஆக்சிஜன் இடங்கள் சில காலியாகும். அவற்றின் வழியே அயனிகள் நகரும். இதைப் புரிந்துகொள்ள படிகக் குறைபாடுகள், டிஃப்யூஷன் (அணுக்கள் பொருளுக்குள் இடம்பெயர்வது) அத்தியாயங்களைப் பொறுமையாகப் படியுங்கள், அவ்வளவு அருமை.

1986-இல் வந்த உயர்வெப்ப மீக்கடத்திகளுக்கு (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருட்கள்) மட்டும் வேறு புத்தகம் தேடணும். அப்புறம், ஃபேஸ் டயகிராம் (எந்த வெப்பத்தில், எந்தக் கலவையில் பொருள் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் படம்) சரியாகப் புரியவில்லை என்றால் அதை முதலில் சரிசெய்துவிட்டு சின்டரிங் (தூளை உருகவிடாமல் சுட்டு இறுக்குவது) பக்கம் போங்கள்.