தேர்வுப் பள்ளியில் இடம் யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் பல பள்ளி மாவட்டங்களில் மேக்னட் பள்ளிகள் (தனிச்சிறப்பான பாடத்திட்டத்தோடு பல பகுதிகளிலிருந்தும் மாணவரை எடுக்கும் அரசுப் பள்ளிகள்), தேர்வுப் பள்ளிகளின் (நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) சேர்க்கை விதிகள் மாறிவருகின்றன. சில இடங்களில் இடங்களைக் கூட்டுகிறார்கள், சில இடங்களில் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டங்களில் இதை ஒட்டி நடக்கும் விவாதங்களிலிருந்து எழுந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நியூயார்க்கில் எங்கள் பெற்றோர் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நகரின் தேர்வுப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தரப்பு, தொடவே கூடாது என்று இன்னொரு தரப்பு. மேயர் நினைத்தால் தேர்வை ரத்து செய்துவிட முடியுமா?

முழுமையாக முடியாது. 1971இல் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் நிறைவேறிய ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டம் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புருக்ளின் டெக் ஆகிய மூன்றுக்கும் தேர்வு மதிப்பெண் ஒன்றே அடிப்படை என்று சொல்கிறது. அதை மாநிலச் சட்டமன்றம்தான் மாற்ற முடியும். இன்று தேர்வு வழியே சேர்க்கும் பள்ளிகள் எட்டு. மற்ற ஐந்தும் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லப்படாமல் பின்னால் பட்டியலில் சேர்ந்தவை. அவற்றில் நகரத்துக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது இன்னும் வாதத்துக்குரிய விஷயம். ஒன்பதாவதான லாகார்டியா கலைப் பள்ளிக்குத் தேர்வு கிடையாது, திறன் காட்டும் ஆடிஷன்தான்.

நகரம் தானே செய்யக்கூடிய பெரிய காரியம் டிஸ்கவரி திட்டம். கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே வந்த, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் கோடைக்காலப் பயிற்சியை முடித்தால் இடம் பெறலாம் என்பது அதே 1971 சட்டத்தில் உள்ள வழி. 2018இல் ஒவ்வொரு பள்ளியிலும் 20 சதவீத இடங்களை இதற்கு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். கூடவே, வறுமைக் குறியீடு 60 சதவீதத்துக்குக் குறையாத நடுநிலைப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனையும் வந்தது. வீட்டில் வருமானம் குறைவாக இருந்தும், படிக்கும் பள்ளி அந்தக் கோட்டுக்கு மேல் இல்லாததால் தகுதி இழந்த பிள்ளைகள் உண்டு. இந்த மாற்றத்தை எதிர்த்த வழக்கு அங்கிருந்துதான் கிளம்பியது. உங்கள் சங்கம் பயனுள்ள ஒன்றைச் செய்ய நினைத்தால், தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த நிபந்தனையைப் பற்றிப் பேசலாம். நகரக் கல்வித் துறையின் கையில் இருக்கிற விஷயம் அது.

ஸ்டைவசன்ட்டை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால், இரண்டாவதாகப் போட்ட பள்ளியும் கைவிட்டுப் போகும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, அவர் எழுதிய விருப்ப வரிசையில் இடம் மிச்சமுள்ள முதல் பள்ளி அவருக்கு. இரண்டாவதாகப் போட்டதற்காக எந்தப் பள்ளியும் அவரைப் பின்னுக்குத் தள்ளாது. மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். போக விருப்பமில்லாத பள்ளியை மட்டும் எழுத வேண்டாம், ஏனென்றால் தேர்வுப் பள்ளிகளிலிருந்து வரும் அழைப்பு ஒன்றே ஒன்றுதான்.

தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 57, கணிதத்தில் 57 என 114 கேள்விகள், 180 நிமிடம். பகுதிக்கு 10 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்பட்டவை, மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை என்று பிள்ளைக்குத் தெரியாது. தவறான விடைக்குக் கழிவும் இல்லை. ஒரு கேள்வியைக்கூட வெற்றாக விடக் கூடாது. 2025 முதல் தேர்வு கணினியில் நடக்கிறது. 2026 முதல் பிள்ளை தரும் விடைக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும் என்று அறிவித்திருக்கிறார்கள். கடினமானதை விட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வருவது என்ற பழைய உத்தியை நம்பிப் பயிற்சி எடுத்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். தாளில் மட்டும் பழக்காமல் கல்வித் துறையின் கணினி மாதிரித் தேர்வையும் போட்டுப் பாருங்கள்.

வெர்ஜீனியாவில் இருக்கிறோம். இங்குள்ள தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் நுழைவுத் தேர்வை நீக்கியது நம் பிள்ளைகளைக் குறிவைத்துச் செய்த வேலை என்று வாட்ஸாப் குழுவில் சண்டை. உங்கள் கருத்து?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2020இல் அந்தப் பள்ளியை நடத்தும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி பள்ளி வாரியம் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்தது. ஓர் ஆண்டின் சேர்க்கையை 550 அளவுக்கு உயர்த்தியது. ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளிக்கும் அதன் 8ஆம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீதத்துக்குச் சமமான இடங்களை ஒதுக்கியது. விண்ணப்பிக்க 3.5 கிரேடு சராசரியும் 8ஆம் வகுப்பில் குறைந்தது அல்ஜீப்ரா 1ம் வேண்டும். கட்டுரைகளும் உண்டு. குறைந்த வருமானம், ஆங்கிலம் கற்பவர் நிலை போன்றவையும் கணக்கில் வரும்.

முதல் ஆண்டிலேயே வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழிருந்து 25 சதவீதமானது. ஆசியர் பங்கு 73இலிருந்து 54 சதவீதமாக இறங்கியது. 2022இல் மாவட்ட நீதிபதி இந்த முறை சட்டவிரோதம் என்றார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

எங்கள் கருத்து இது. 73 என்பது 54 ஆனதில் வருத்தப்படும் பெற்றோரின் உணர்வைச் சிறுமைப்படுத்தக் கூடாது, ஐந்தாண்டு உழைத்த பிள்ளைகள் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். அதே சமயம் பழைய முறையில் உள்ளே வந்தவர்களில் ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வெளியே நின்றவர்களில் ஏழை ஆசியப் பிள்ளைகளும் அடக்கம். அதைத் தகுதியின் குறை என்று சொல்லிவிட முடியாது. 1.5 சதவீத விதியில் எங்களுக்கு உள்ள குறை வேறு: வலுவான பள்ளி ஒன்றில் 20ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளை, முழு மாவட்டக் கணக்கில் எங்கே நிற்பார் என்று பார்ப்பதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்றும் இல்லை. சிகாகோவில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். தேர்வுக்கும் கிரேடுக்கும் சேர்த்து 900 புள்ளி. 30 சதவீத இடம் நேரடி வரிசையில். மீதி 70 சதவீதம் குடியிருப்புப் பகுதியின் பொருளாதார நிலையை வைத்து நான்கு அடுக்குகளுக்கும் தலா 17.5 சதவீதம். அளவுகோலும் இருக்கிறது, வாய்ப்பும் பரவுகிறது.

எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து யாருமே இந்தப் பள்ளிகளுக்குப் போவதில்லை. விதி மாறினால் மட்டும் மாறிவிடுமா?

மாறாது. பிள்ளைகள் கடைசிக் கதவில் உதிர்வதைவிட அதற்கு முந்தைய படிகளில்தான் அதிகம் உதிர்கிறார்கள். ஃபுளோரிடாவின் புரோவார்ட் கவுண்டி நல்ல சான்று. மீத்திறன் மாணவர் (gifted) திட்டத்துக்கு ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. 2005 வாக்கில் 2ஆம் வகுப்பில் எல்லோருக்கும் பள்ளியிலேயே சொற்களைச் சாராத (nonverbal) திறன் தேர்வு ஒன்றை வைத்தார்கள். தகுதிக் கோடு மாறவில்லை. ஆனாலும் தகுதி பெற்ற கறுப்பின, ஹிஸ்பானிக், ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடியது. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ இருவரும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு நிதி நெருக்கடியில் அந்தத் தேர்வு நின்றது, எண்ணிக்கையும் இறங்கியது.

எனவே உங்கள் பள்ளி மாவட்டத்திடம் நடுநிலைப் பள்ளி வாரியாக நான்கு எண்களைக் கேளுங்கள்: 8ஆம் வகுப்பில் எத்தனை பேர், விண்ணப்பித்தவர் எத்தனை, அழைப்பு வந்தது எத்தனை பேருக்கு, சேர்ந்தவர் எத்தனை. கொடுக்க மறுத்தால் மாநிலத்தின் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். சிறிய எண்களை மாணவர் அடையாளம் தெரியாதிருக்க மறைத்துவிடுவார்கள். அதனால் ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டு மொத்தமாகக் கேட்டால் எண் கிடைக்கும். விண்ணப்பித்தவர் எண்ணிக்கையே இரண்டு மூன்று என்றிருந்தால், சிக்கல் சேர்க்கை விதியில் இல்லை. பள்ளிக் கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்) அலுவலகத்தில் இருக்கிறது.

8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடைக்குமா என்பது எப்போது முடிவாகிறது?

நீங்கள் நினைப்பதைவிட முன்னாலேயே. 8இல் அல்ஜீப்ரா வேண்டுமென்றால் 6, 7, 8ஆம் வகுப்புக் கணிதத்தை இரண்டே ஆண்டில் முடித்திருக்க வேண்டும். அந்தப் பிரிவுக்கான தேர்வு பல மாவட்டங்களில் 5ஆம் வகுப்பின் வசந்த காலத்தில் நடந்துவிடுகிறது. 7ஆம் வகுப்பில் போய்க் கேட்டால் ஒரு கோடைக்கால வகுப்புதான் மிச்சமிருக்கும். அதில் விகிதமும் நேர்விகிதமும் அவசரமாக ஓடிப்போகும். அடுத்த ஆண்டு நேர்கோட்டின் சாய்வு வரும்போது பிள்ளை விழுவது அதனால்தான். கோடைக்காலத்தில் படிக்க வைப்பதாக இருந்தால் இந்த இரண்டு பாடத்துக்கும் பாதி நேரத்தை ஒதுக்குங்கள்.

மேரிலாந்தில் எங்கள் கவுண்டி ஒரு சில மேக்னட் பள்ளிகளை விட்டு, மண்டலத்துக்கு மண்டலம் புதிய திட்டங்கள் தொடங்கப் பார்க்கிறது. இடம் கூடும் என்கிறார்கள். தரம் குறையும் என்று எங்களில் சிலருக்குப் பயம். கூட்டத்தில் என்ன கேட்பது?

இடம் கூட்டுவது நல்ல காரியம். பேருந்தில் தினமும் இரண்டரை மணி நேரம் செலவிட முடியாததால் விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் திட்டத்தின் பெயரை ஆறு கட்டடங்களில் எழுதிவிட்டால் ஆறு திட்டம் உருவாகிவிடாது. எங்கே உடையும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு மண்டலத் திட்டத்தில் ஆண்டுக்கு 50 பேர் என்று வையுங்கள். 9ஆம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கணிதம், ஒரே அறிவியல், 25 பேர் வீதம் இரண்டு பிரிவு. சிக்கலே இல்லை. 12ஆம் வகுப்பில் ஐந்து உயர்நிலை விருப்பப் பாடங்கள் வைத்து, ஒருவர் ஒன்றை எடுத்தால் பாடத்துக்குப் பத்துப் பேர்தான். ஒரு பிரிவு திறக்கக் குறைந்தது 20 பேர் வேண்டும் என்று பள்ளி வைத்திருந்தால், ஐந்தில் இரண்டு பாடம்தான் நடக்கும். இதே 50 பேர் இன்னொரு 50 பேரோடு ஒரே பள்ளியில் இருந்தால் ஐந்தும் நடக்கும். பழைய மேக்னட் பள்ளிகளின் பலம் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான். ஆகவே முதல் கேள்வி: குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை விதியிலிருந்து இந்தப் பாடங்களுக்கு விலக்கு உண்டா, எத்தனை ஆண்டுக்கு? எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது ஆசிரியர். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பொதுவாக ஐந்து பிரிவு எடுப்பார். புதிய திட்டத்துக்கு 12 பிரிவு தேவையென்றால் 2.4 பணியிடம். அது தனியாக வரவு செலவுத் திட்டத்தில் இல்லையென்றால், அதே கட்டடத்தில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் வகுப்பிலிருந்துதான் எடுப்பார்கள். 26 பேர் வகுப்பு 31 ஆகும். அந்தப் பெற்றோர் அடுத்த ஆண்டு உங்களுக்கு எதிராக வந்து நிற்பார்கள், நியாயத்தோடு. உயர்நிலைக் கணிதம், கணினி அறிவியல் சொல்லித்தரத் தகுதியுள்ளவர் ஒரு பள்ளிக்கு ஒருவர்தான் என்றால் அவர் விலகிய ஆண்டு திட்டம் நின்றுவிடும். இரண்டாமவர் யார் என்று கேளுங்கள்.

ஐ.பி. (International Baccalaureate என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) என்றால் காலக்கெடுவைப் பாருங்கள். அங்கீகாரம் பெற வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். அடுத்த ஆண்டே ஐ.பி. டிப்ளமோ வகுப்பு தொடங்கும் என்று சொன்னால், அங்கீகாரத்துக்கான வேட்பாளர் நிலை எப்போது தொடங்கியது என்று கேட்க வேண்டும். பேருந்து விஷயத்தில் வீட்டருகே நிறுத்தமா, ஒரு பொது நிறுத்தத்துக்கு நீங்களே கொண்டுவிட வேண்டுமா என்பது ஒன்றே போதும். பொது நிறுத்தம் என்றால் கார் இல்லாத குடும்பம் மறுபடி வெளியேதான்.

எல்லா வகுப்பையும் ஒரே ஆண்டில் தொடங்காமல் 9இல் ஆரம்பித்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கூட்டுவதும், ஏற்கெனவே பழைய பள்ளியில் சேர்ந்தவர்கள் அங்கேயே முடிக்க விடுவதும் திட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாரியக் கூட்டத்தில் இரண்டு மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். என்ன பேசி முடிப்பது?

ஒரே கோரிக்கை. நிகழ்ச்சி நிரல் வெளியானதும் பெயர் பதிய வேண்டும், பல இடங்களில் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். தமிழில் 200 வார்த்தை எழுதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், இரண்டு நிமிடம் தாண்டிவிடும். ஐந்து பேர் போவதாக இருந்தால் ஐவரும் அதையே சொல்லாமல் ஒருவர் ஆசிரியர் எண்ணிக்கை, ஒருவர் பேருந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற சமூகத்தினரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர்களும் தங்கள் பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

குலுக்கல் முறை எல்லாவற்றையும்விட நியாயம் அல்லவா?

நுழைவதில் நியாயம். உள்ளே போன பின் உதவி இல்லையென்றால் பிள்ளைதான் அவதிப்படும். சான் பிரான்சிஸ்கோவின் லோவல் பள்ளி குலுக்கலுக்கு மாறிய 2021 இலையுதிர் பருவத்தில் 9ஆம் வகுப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஏதாவதொரு பாடத்தில் டி அல்லது எஃப் வாங்கினார். முந்தைய ஆண்டில் அது 8 சதவீதம் அளவில்தான் இருந்தது. ஓராண்டு வீட்டிலிருந்து படித்துவிட்டு வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2022இல் வாரியம் மதிப்பெண் முறைக்குத் திரும்ப வாக்களித்தது.

மகளுக்கு மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது. அழுதுகொண்டே இருக்கிறாள். வேறு வழி உண்டா?

உண்டு. நியூயார்க்கில் 9ஆம் வகுப்பிலும் தேர்வு எழுதி 10இல் சேரலாம், இடங்கள் மிகக் குறைவு. தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியிலும் காலியிடம் இருந்தால் மேல் வகுப்பில் எடுக்கிறார்கள். டிஸ்கவரி தகுதி இருக்கிறதா என்று கவுன்சிலரிடம் உடனே கேளுங்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளின் கட்-ஆஃபுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் வந்த பிள்ளைகளை அப்துல்காதிரோக்ளு, ஆங்ரிஸ்ட், பாதக் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். பின்னாளில் எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்போது கிடைத்திருக்கும் பள்ளியில் கணிதத்தின் மிக உயர்ந்த பிரிவில் அவளைச் சேர்க்க முடியுமா என்று ஜூன் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட்டில் கேட்டால் அட்டவணை முடிந்துவிட்டது என்பார்கள்.