ஜாப் போட்ட கை எங்கே திரும்புகிறது? ஹெவிவெயிட் நாக்அவுட் கேள்வி பதில்

வணக்கம். குத்துச்சண்டை வீரர்களுக்குப் பயிற்சியில் இருபது வருடம் பேட் (குத்து வாங்கும் மெத்தை) பிடித்ததில் என் இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. கண் மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. பெரிய பெரிய ஹெவிவெயிட் வீரர்கள் தற்காப்பில் எங்கே கோட்டை விட்டு நாக்அவுட் ஆகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. கேளுங்கள். அடுத்த சண்டையில் யார் ஜெயிப்பார் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

பழைய ரசிகன்: தோல்வியே காணாத ஜோ லூயிஸை 1936இல் மாக்ஸ் ஷ்மெலிங் எப்படிச் சாய்த்தார்? லூயிஸ் சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை என்கிறார்களே?

பயிற்சியில் மெத்தனம் இருந்தது, கோல்ஃப் மோகமும் இருந்தது. ஆனால் அவரை வீழ்த்தியது வேறு. ஜாப் என்பது முன் கையால் நேராகப் போடும் வேகமான குத்து, போன வழியே திரும்பி வரவேண்டிய கை. லூயிஸின் இடது கை அப்போது நேராகத் திரும்பாது. கொஞ்சம் கீழே இறங்கி, அப்புறம்தான் மேலே ஏறும். அது இறங்கி ஏறுகிற நேரத்தில் இடது கன்னமும் தாடையும் காவல் இல்லாத வீடு.

ஷ்மெலிங் லூயிஸின் சண்டையை ரிங் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், படத்தையும் போட்டுப் பார்த்தவர். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், எதை என்று சொல்லவில்லை. ஜூன் 19, யாங்கி ஸ்டேடியம். ஜாப் வரும், அதைத் தாங்கிக்கொள்வார், அந்தக் கை கீழே போகும்போது மேலாக வலது கையை இறக்குவார். நான்காவது ரவுண்டில் லூயிஸ் முதல் தடவை விழுந்தார். அதன்பிறகும் எட்டு ரவுண்டு அதே வலது கையை வாங்கிக்கொண்டு நின்று, 12ஆவது ரவுண்டில்தான் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த எட்டு ரவுண்டைத்தான். தாடை பலவீனமான ஆளால் அப்படி நிற்க முடியாது. தவறு கையில் இருந்தது. கையைத் திருத்தலாம், திருத்தினார். 1938இல் மறுபடி மோதியபோது முதல் ரவுண்டிலேயே, 124 விநாடிகளில், ஷ்மெலிங் கதை முடிந்தது.

நீலமூலை: விளாடிமிர் கிளிச்கோவுக்குக் கண்ணாடித் தாடைதானே, சார்?

லேசான அடிக்கே விழுபவர் என்று சொல்ல வரும் இந்த 'கண்ணாடித் தாடை' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் எனக்குப் புண்ணியமாகப் போகும். 2003இல் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டு ரவுண்டில் முடித்தார். 2004இல் லாமன் ப்ரூஸ்டர் ஐந்தில் முடித்தார். அப்புறம் 2015இல் டைசன் ஃப்யூரியிடம் பாயின்ட்டில் தோற்கும்வரை பதினொரு வருடத்துக்கும் மேலே தோல்வியே இல்லை. நடுவில் தாடையை மாற்றி வைத்தார்களா? பயிற்சியாளர் இமானுவல் ஸ்டூவர்ட் அவரைத் தூரத்தில் நிற்க வைத்தார். நீளமான ஜாப், எதிராளி உள்ளே வந்தால் உடனே கிளிஞ்ச், அதாவது கட்டிப் பிடித்துக்கொள்வது. பார்க்கச் சலிப்பாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குத்து வருகிற இடத்தில் ஆள் இல்லை.

தலை சட்டென்று திரும்பும்போது மூளை உள்ளே குலுங்குகிறது, நினைவு தப்புகிறது. வருவது தெரிந்தால் கழுத்து இறுகி அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் தடுக்கும். தெரியாமல் வருகிற குத்துக்குத் தடையே இல்லை. அதனால்தான் ஒரே ஆள் ஒருநாள் பயங்கரமான அடியைத் தாங்குகிறார், இன்னொரு நாள் பக்கவாட்டில் வளைந்து வரும் ஒரு சாதாரண ஹூக்கில் விழுகிறார்.

அதிர்ஷ்டக்காரன்: அடுத்த மாதச் சண்டைக்கு யார் மேல் பணம் கட்டலாம்?

முதல் பத்தியைப் படிக்கவும்.

மூன்றாம் மணி: மைக் டைசன் 1990இல் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றதும் தற்காப்புப் பிழையா? எல்லோரும் அவர் வாழ்க்கைப் பிரச்சினைகளைத்தான் சொல்கிறார்கள்.

பிரச்சினைகள் இருந்தன. அவை ரிங்கில் எந்த உருவத்தில் வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். நல்ல காலத்து டைசன் குட்டையான ஆள், அதனால் தலையை அசைத்துக்கொண்டே நுழைவார். இடது பக்கம், வலது பக்கம், ஜாப், அப்புறம் குத்து. 1988இல் பயிற்சியாளர் கெவின் ரூனியை நீக்கிய பிறகு அந்த அசைவு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. டோக்கியோவில் நேராக நடந்து போய் ஒற்றைக் குத்தைத் தேடினார். நேராக வருகிற தலைக்கு முன்னால் டக்ளஸ் நீளமான ஜாப்பை வைத்துக்கொண்டே இருந்தார். 10ஆவது ரவுண்டில் கீழிருந்து மேலே வந்த ஒரு அப்பர்கட் தலையைத் தூக்கியது, தொடர்ந்து வந்த குத்துகள் ஆளைச் சாய்த்தன. தலை அசைந்துகொண்டிருந்தால் அந்த அப்பர்கட் காற்றில்தான் போயிருக்கும்.

இரும்புக்கை: எட்டாவது ரவுண்டை ஏன் சொல்லவில்லை? டைசன் டக்ளஸை வீழ்த்தினாரே! நடுவர் மெதுவாக எண்ணினார். பத்து விநாடிக்கு மேல் தரையில் இருந்தார். டைசன்தான் ஜெயித்தவர்.

வந்துவிட்டது. எப்போதும் வரும். தம்பி, கீழே விழுந்தவன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, நடுவர் வாயைப் பார்க்கிறான். நடுவர் ஒன்பது சொன்னபோது டக்ளஸ் எழுந்துவிட்டார். விதிப்படி நடுவர் எண்ணுவதுதான் எண்ணிக்கை. டைசன் தரப்பு முறையிட்டது, பட்டம் வழங்கும் இரண்டு அமைப்புகள் சில நாள் முடிவை நிறுத்தி வைத்தன, பிறகு டக்ளஸே சாம்பியன் என்று ஒப்புக்கொண்டன. அடுத்த கேள்வி.

பழைய ரசிகன்: இரும்புக்கைக்கு: 1927இல் டெம்ப்ஸி–டன்னி சண்டையிலும் இதே கதைதான். டன்னியை வீழ்த்திய டெம்ப்ஸி நியூட்ரல் கார்னருக்கு (இருவருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு) உடனே போகாததால் எண்ணத் தொடங்கவே தாமதம்.

இரும்புக்கை: அதுவும் அநியாயம்தான்!

டெம்ப்ஸி விஷயத்தில் அநியாயம் எங்கே வந்தது? நியூட்ரல் கார்னருக்குப் போன பிறகுதான் எண்ணுவது என்ற விதியை சண்டைக்கு முன்பே இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார்கள். விழுந்தவன் தலைமேல் நிற்பது டெம்ப்ஸியின் பழைய பழக்கம், அன்று அதற்கு விலை கொடுத்தார். எழுந்த டன்னி அடுத்த ரவுண்டிலேயே டெம்ப்ஸியைத் தரையில் உட்கார வைத்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. சரி, தற்காப்புக்கு வருவோமா?

உயரமானவன்: அண்ணே, எனக்குப் பிடித்தவர் ஆன்டனி ஜாஷுவா. 2019இல் ஆண்டி ரூயிஸிடம் தோற்றதை இன்னும் நம்ப முடியவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்றாவது ரவுண்டில் முதலில் விழுந்தது ரூயிஸ். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எதிராளி தள்ளாடும்போது பெரிய வீரருக்குக் கண் மறைந்துவிடும். ஜாஷுவா முடித்துவிடும் ஆசையில் தன் தூரத்தை விட்டுவிட்டு ரூயிஸின் தூரத்துக்குள் போனார். அங்கே நீளமான கை சுமைதான். சுற்றி வந்து சேருவதற்குள் குட்டைக் கை இரண்டு தடவை போய்விடும். ரூயிஸின் கைகளோ அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகம்.

இருவரும் குத்தை வீசினார்கள். ஜாஷுவாவின் தலை நிமிர்ந்தபடி, நடுக்கோட்டிலேயே நின்றது. ரூயிஸின் இடது ஹூக் நெற்றிப்பொட்டுப் பக்கமாக இறங்கியது. அதற்கப்புறம் அந்தக் கால்கள் திரும்பி வரவே இல்லை. மூன்றாவதில் இரண்டு தடவை, ஏழாவதில் இரண்டு தடவை விழுந்தார், நடுவர் நிறுத்தினார். ஆறு மாதம் கழித்து சவுதியில் அதே ரூயிஸோடு 12 ரவுண்டு தூரத்திலேயே நின்று ஆடி ஜெயித்தார். பாடம் படித்துவிட்டார் என்று நானும் நினைத்தேன். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில், ஏற்கெனவே பலமுறை விழுந்திருந்த நிலையில், ஐந்தாவது ரவுண்டில் டேனியல் டுபாவைத் தள்ளாட வைத்தார். மறுபடி முடித்துவிடப் பாய்ந்தார். உள்ளே காத்திருந்த வலது கையில் கதை முடிந்தது.

டில்லியன் வைட்டும் இதே பள்ளியில்தான் படித்தார். 2020இல் நான்காவது ரவுண்டில் போவெட்கினை இரண்டு தடவை வீழ்த்தினார், ஐந்தாவதில் ஒரே ஒரு இடது அப்பர்கட்டில் தூங்கிப் போனார். என்னிடம் பயின்ற பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது: எதிராளி தள்ளாடினால் முதலில் முகத்தைக் காக்கும் உன் கார்டைப் பார், அப்புறம் அவனைப் பார்.

குட்டிச்சுவர்: லெனாக்ஸ் லூயிஸை மெக்கால் வீழ்த்தியது லக்கி பஞ்ச்தானே?

இல்லை.

வெள்ளைத் துண்டு: அதே லூயிஸை ரஹ்மான் அடித்தது லக்கி பஞ்ச்தானே?

இரும்புக்கை: ரெண்டுமே லக்கி பஞ்ச். அதிலென்ன சந்தேகம்?

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பதில், இனி இந்தச் சொல்லுக்குப் பதில் கிடையாது. 1994இல் மெக்கால் மூலையில் இருந்தது யார்? மேலே சொன்ன இமானுவல் ஸ்டூவர்ட். லூயிஸ் சோம்பலாக ஜாப் காட்டிவிட்டுப் பெரிய வலது கைக்குத் தயாராவார், அந்த இடைவெளியில் நம் வலது கை போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இரண்டாவது ரவுண்டில் அதுதான் நடந்தது. லூயிஸ் தோற்ற பிறகு செய்த புத்திசாலித்தனம், அதே ஸ்டூவர்ட்டைத் தன் கோச் ஆக்கிக்கொண்டது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் ப்ராக்பனில் நடந்தது வேறு. கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரமான ஊர், போதிய நாள் முன்னதாகப் போய்ப் பழகாத உடம்பு. ஐந்தாவது ரவுண்டில் கயிற்றில் முதுகு, கை தாழ்வு. ரஹ்மானுக்கு அதற்கு மேல் என்ன அழைப்பிதழ் வேண்டும்?

புதுமுகம்: எடை குறைந்த பிரிவுகளிலும் இதே தவறுகள் இருக்குமே? ஹெவிவெயிட்டில் மட்டும் ஏன் இப்படி?

நல்ல கேள்வி. தவறு ஒன்றுதான், தண்டனை வேறு. ஹெவிவெயிட் 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 91 கிலோவில் தொடங்குகிறது, மேலே எல்லை இல்லை. தொழில்முறையில் 160 பவுண்டு மிடில்வெயிட்டும் 250 பவுண்டு ஹெவிவெயிட்டும் பொதுவாகப் போடுவது அதே 10 அவுன்ஸ் கிளவுஸ். பின்னால் இருக்கும் உடம்பு மட்டும் பெரிது. லைட்வெயிட்டில் நான்கு தடவை செய்து தப்பிக்கும் தவறை இங்கே ஒரு தடவை செய்தாலே போதும்.

வாலிபன்: வாத்தியாரே, அலி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதானே ஆடினார்?

அலியின் கால் உங்களிடம் இருந்தால் நீங்களும் தொங்கப் போடுங்கள். அவரும் தலையை நேராகப் பின்னால் இழுப்பார், இடது ஹூக் அதற்கு எமன். 1963இல் ஹென்றி கூப்பர் அதில்தான் அவரை வீழ்த்தினார், 1971இல் 15ஆவது ரவுண்டில் ஃப்ரேசரும் இடது ஹூக்கில்தான்.

கல்நெஞ்சன்: தாடையைப் பலப்படுத்த என்ன பயிற்சி? நண்பனை லேசாக அடிக்கச் சொல்லிப் பழகுகிறேன், பிறகு கொஞ்சம் தலைவலி இருக்கிறது.

இன்றே நிறுத்துங்கள். அடி வாங்கிப் பழகி யாருக்கும் தாடை பலப்பட்டதில்லை, அடுத்த அடியில் விழுவதுதான் சுலபமாகும். கழுத்துக்குப் பயிற்சி கொடுங்கள், அது கொஞ்சம் உதவும். தலைவலிக்கு என்னிடம் பதில் இல்லை, மருத்துவரிடம் இருக்கிறது. அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பக்கமே போகக் கூடாது.

நீலமூலை: அப்படியானால் ஃப்யூரியிடம் தோற்ற வைல்டருக்கும் கண்ணாடித் தாடை இல்லையா?

இல்லை. ஃப்யூரி முன்னால் நடந்து வந்தபோது அவரிடம் பின்னால் போகும் கால் இல்லை. இந்தச் சொல் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா?

இரும்புக்கை: சரி, சண்டை வேண்டாம். நிஜமான கேள்வி. நானும் வாரத்தில் நான்கு நாள் பயிற்சி எடுக்கிறேன். என் ஜாப் கை கீழே போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடி முன்னால் சரியாகத்தான் இருக்கிறது.

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். கண்ணாடி முன்னால் எல்லோருடைய கையும் ஒழுங்காகத்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். போனைப் பக்கவாட்டில் வைத்து, குத்துப் பையை அடிக்கும்போது ஐந்தாவது, ஆறாவது ரவுண்டைப் படம் எடுங்கள். மூச்சு வாங்கும்போதுதான் கை தன் உண்மையான பழக்கத்துக்குப் போகும். மெதுவாக ஓட்டி, ஜாப் திரும்பும்போது முஷ்டி தோளுக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், பேட் பிடிப்பவரிடம் சொல்லி ஒவ்வொரு ஜாப்புக்கும் பிறகு அந்தக் கன்னத்துப் பக்கம் பேடால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். கை அங்கே இருந்தால் பேட் கையில் படும். இல்லையென்றால் கன்னத்தில் படும். இரண்டு வாரம் செய்துவிட்டு மறுபடி படம் எடுத்துப் பாருங்கள்.