எண்களைக் காதால் கேட்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓராண்டின் தினசரி வெப்பநிலையை (20 முதல் 38 டிகிரி வரை) கணினியில் ஒலியாக மாற்றினேன். குளிர்நாட்களில் ஒரு டிகிரி கூடினாலே சுருதி எகிறுகிறது. கோடையிலோ மாற்றமே தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்: டிகிரியை நேரடியாக ஹெர்ட்ஸுக்கு மாற்றியிருப்பீர்கள். காது கணக்கிடுவது விகிதத்தை, வித்தியாசத்தை அல்ல. 131 முதல் 1046 ஹெர்ட்ஸ் வரை சமமாகப் பிரித்தால் டிகிரிக்கு சுமார் 51 ஹெர்ட்ஸ். 20லிருந்து 21க்குப் போகும்போது அது கிட்டத்தட்ட ஆறு அரைச்சுரத் தாவல் (ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரம்). 37லிருந்து 38க்கு ஒரு அரைச்சுரம்கூட இல்லை.

மிடி எண்களில் கணக்கிடுங்கள்; கணினி இசையில் அரைச்சுரத்துக்கு ஒன்றாக வரிசையாகத் தரும் எண்கள் அவை. 48 முதல் 84 வரை மூன்று ஸ்தாயி, 36 அரைச்சுரம். ஆக, 48 + (வெப்பநிலை − 20) × 2. 29 டிகிரிக்கு 66 வரும், அதாவது 370 ஹெர்ட்ஸ். அரை டிகிரிக்கு ஒரு அரைச்சுரம்; பாட்டுப் பயிற்சி இல்லாத காதுக்கும் அது பிடிபடும்.

வினாடிக்கு ஐந்து நாள் என்று வைத்தால் ஆண்டு 73 வினாடியில் முடியும். பத்தைத் தாண்டினால் குழம்பும். மாதத் தொடக்கத்தில் ஒரு தட்டொலி கட்டாயம். இல்லையென்றால் எந்த மாதம் ஓடுகிறது என்றே தெரியாது. தொடங்குமுன் மிகக் கீழ்ச் சுரத்தையும் மிக மேல் சுரத்தையும் ஒருமுறை ஒலிக்கவிடுங்கள்.

பதிவாகாத நாளுக்கு 0 போட்டுவிடாதீர்கள். சூத்திரம் 8ஐத் தரும். அது 13 ஹெர்ட்ஸ், காதுக்கே எட்டாது. மெல்லிய இரைச்சல் ஒன்றை அந்த இடத்தில் வைப்பதே நல்லது. வெறும் மௌனத்தைக் கேட்பவர் தாளத்தின் இடைவெளி என்று எண்ணிவிடுவார்.

கேள்வி: அதே வெப்பநிலையை மோகன ராகத்தில் அமைத்தால் இனிமையாக இருக்குமே?

பதில்: இருக்கும், விலையும் உண்டு. மோகனத்தில் ஸ்தாயிக்கு ஐந்து சுரம்; மூன்று ஸ்தாயிக்கும், உச்சியிலுள்ள மேல் ஸட்ஜத்தைச் சேர்த்தும் 16 சுரங்கள்தான். 18 டிகிரியை 15 படிகளில் அடைத்தால் படிக்கு 1.2 டிகிரி, அரை டிகிரி மாற்றம் பல நேரம் காணாமல் போகும். போதாததற்கு ரி–க இடைவெளி இரண்டு அரைச்சுரம், க–ப மூன்று. ஒரே அளவு ஏற்றம் ஓரிடத்தில் சிறிதாகவும் இன்னோரிடத்தில் பெரிதாகவும் கேட்கும். மேடைக்குச் சரி, ஆய்வுக்கு வேண்டாம்.

கேள்வி: கூடவே மழையளவையும் சேர்க்க வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். சத்தம் கேட்பவரின் ஸ்பீக்கரைப் பொறுத்தது. காதும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மை. அதே பலத்தில் ஒலித்தாலும் கீழ்ச் சுரம் மெலிந்தே கேட்கும்.

வெப்பநிலையை இடது காதுக்கும் மழையை வலது காதுக்கும் அனுப்புங்கள். மழைக்குச் சுரம் வேண்டாம், 10 மில்லிமீட்டருக்கு ஒரு 'டிக்' போதும். கெய்கர் கருவி கதிர்வீச்சைச் சொல்வது இப்படித்தான். பெருமழை நாளில் டிக்குகள் கலந்து கரகரவென்று ஆகிவிடும். எண்ண முடியாது, ஆனால் கொட்டித் தீர்த்தது என்று புரியும். அறுவை அரங்கின் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இரண்டு அளவுகளை இப்படிப் பிரித்துத்தான் தருகிறது: துடிப்பு வேகம் தாளத்தில், ஆக்சிஜன் அளவு சுருதியில். சுருதி இறங்கினால் மருத்துவர் திரையைப் பார்க்காமலே நிமிர்ந்துவிடுவார்.