மாட்யூலுக்கு அடியில் பலகை போடுவது ஒரு வேலையா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு நீடாமங்கலத்திலிருந்து கும்பகோணம் வரைக்கும் வந்திருந்தீர்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம், நிதானமாகப் பேச முடியவில்லை. கிளம்பும்போது, மகன் ஆசைப்படுகிற பேஸ்போர்டு டிசைன் வேலையைப் பற்றி வாசற்படியில் நின்று கேட்டீர்களே, "கம்ப்யூட்டரை எவனோ செஞ்சு விக்கிறான். அதுக்கு அடியில பலகை போடுறதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று. நின்ற வாக்கில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. ஆனால் போர் எத்தனை அடி, எந்த அளவு குழாய் போடுவது, கரண்ட் ஏறி இறங்கினால் மோட்டார் கருகாமல் எப்படிக் காப்பது, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகாமல் எப்படி அடைப்பது, இதெல்லாம் மோட்டார் செய்தவருக்குத் தெரியாது. உங்கள் ஊர் மெக்கானிக்குக்குத்தான் தெரியும். பேஸ்போர்டு டிசைன், அதாவது வாங்கிய குட்டிக் கம்ப்யூட்டர் மாட்யூலுக்கு அடியில் அதைத் தாங்குகிற சர்க்யூட் போர்டை வரைவது, அந்த மெக்கானிக்கின் வேலையைப் போன்றது, ஆனால் முழுப் படிப்பும் கேட்கிற வேலை.

மகன் பையிலிருந்து எடுத்துக் காட்டியது ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். 2020-இல் வந்தது. 55 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பிராசசரும் மெமரியும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் யூஎஸ்பி செருக இடம் கிடையாது, நெட்வொர்க் ஒயர் மாட்ட இடம் கிடையாது, கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு சாக்கெட்கூடக் கிடையாது. அடிப்பக்கத்தில் 100 பின் கொண்ட இரண்டு கனெக்டர்கள், அவ்வளவுதான். அந்த மாட்யூலைத் தாங்கிக் கரண்ட் கொடுத்து, கேமரா, திரை, மோட்டார் என்று வெளியில் இருப்பவற்றோடு சேர்த்துவைக்கிற போர்டைத்தான் பேஸ்போர்டு என்றும் கேரியர் போர்டு என்றும் சொல்கிறார்கள்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள்? பிராசசரையும் அதிவேக மெமரியையும் சொந்தமாக ஒரே போர்டில் போடுவது பெரிய செலவு, பெரிய ஆபத்து. வருஷத்துக்கு 300 மெஷின் விற்கிற சின்ன கம்பெனிக்கு அது கட்டுபடியாகாது. கடினமான பகுதியை மாட்யூலாக வாங்கிக்கொண்டு, தன் மெஷினுக்கு மட்டும் உரியதைத் தானே டிசைன் செய்துகொள்ளும். இங்கே அரிசி ஆலையில் கறுத்த அரிசியைக் கேமரா பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளுகிற கலர் சார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி கேமரா, திரை, நெட்வொர்க் எல்லாம் ஒன்றாகத் தேவைப்படுகிற மெஷின் யாராவது செய்யக் கிளம்பினால், உங்கள் மகனைப் போன்ற ஒருவரைத் தேடத்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்புக்காக விவசாயிகள் மூட்டையோடு காத்துக் கிடப்பதைப் பார்த்து, நெல் ஈரம் அளக்கிற கருவியை இந்த மாட்யூலில் செய்யப்போவதாகச் சொன்னான். நல்ல மனசு. ஆனால் ஈரம் மட்டும் அளக்கச் சில நூறு ரூபாய் மைக்ரோகன்ட்ரோலரே, அதாவது ஒரே வேலையைச் செய்கிற சின்னச் சிப்பே போதும். நெல்லைப் படம் பிடித்து, பதரையும் கறுத்த மணியையும் எண்ணிச் சொல்ல வேண்டுமென்றால் மாட்யூல் வேண்டும். எதற்கு எது போதும் என்று தெரிவது இந்தத் தொழிலில் பாதி.

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் பெங்களூரில் போர்டு டிசைன் செய்தவன் நான். என் முதல் பேஸ்போர்டில் கனெக்டரைத் தலைகீழாக வரைந்துவிட்டேன். மாட்யூலின் அடிப்பக்கத்தைக் காட்டுகிற படத்தைப் பார்த்து அப்படியே போர்டில் வரைந்தால் இடது வலதாகிவிடும் என்பது புத்தியில் ஏறவில்லை. போர்டுகள் வந்து இறங்கிய அன்று மாட்யூலை மேலே வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த போர்டையும் காகிதத்தில் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, மாட்யூலை அதன்மேல் வைத்துப் பார்க்காமல் அனுப்பியதில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவன் இப்போது ஐந்தாவது செமஸ்டர். உங்கள் அண்ணன் சொல்கிறபடி சென்னையில் சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் அவன் ஒரே ஒரு பேஸ்போர்டை முதலிலிருந்து கடைசி வரை தானே செய்து பார்க்கட்டும். அதை வைத்து முடிவு செய்வோம்.

செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. கிகேட் என்கிற டிசைன் சாஃப்ட்வேர் முற்றிலும் இலவசம். ராஸ்பெரி பை நிறுவனமே இந்த மாட்யூலுக்குத் தான் செய்த பேஸ்போர்டான ஐஓ போர்டின் முழு டிசைன் ஃபைலையும் கிகேட் வடிவில் வெளியிட்டிருக்கிறது. அதைத் திறந்து ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். தனக்குத் தேவையானதை மட்டும் வைத்துப் புதிதாக வரையட்டும்.

அவன் திணறப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி, எச்டிஎம்ஐ மாதிரி வேகமான சிக்னல்கள் ஜோடி ஜோடியாகப் போகும். யூஎஸ்பி ஜோடிக்கு 90 ஓம், திரைக்குப் போகிற எச்டிஎம்ஐக்கு 100 ஓம் என்று இம்பீடன்ஸ் (வேகமான சிக்னலுக்குக் கம்பி ஜோடி காட்டுகிற தடை) கணக்கு உண்டு. டெல்டாக்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வாய்க்கால் ஒரே அகலத்தில் போனால் தண்ணீர் அமைதியாகப் போகும். நடுவில் திடீரென்று குறுகினால் அங்கே மோதி எதிர்த்துத் திரும்பும். சிக்னலும் அப்படித்தான். கம்பியின் அகலம், இடைவெளி, கீழே இருக்கும் கிரவுண்ட் தளம் (கரண்ட் திரும்பிப் போகிற செப்புப் பரப்பு) மூன்றும் வழி முழுக்க மாறக் கூடாது. எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் நான்கு செப்பு அடுக்கு கொண்ட போர்டாகப் போடச் சொல்லுங்கள்.

போர்டு வந்ததும் ஆசையில் உடனே மாட்யூலை மாட்டிவிடக் கூடாது. முதலில் மாட்யூல் இல்லாமல் கரண்ட் கொடுத்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாக வருகிறதா, 3.3 வோல்ட் வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் பக்கத்து வயல் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைனில் வோல்டேஜ் விழுமே, அந்த நேரத்தில் தன் போர்டின் 5 வோல்ட் நிற்கிறதா என்று பார்க்கட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு மாதம் கொட்டகையில் வைத்தும் பார்க்கட்டும். ஏசி போட்ட லேபில் இந்தப் பாடம் கிடைக்காது.

இனி வேலை விஷயம். மறைக்காமல் சொல்கிறேன். கேம்பஸுக்கு வந்து ஒரே நாளில் நூறு பேரை எடுக்கிற கம்பெனிகள் இந்தத் துறையில் கிடையாது. இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் எடுப்பார்கள், பெரும்பாலும் பெங்களூர், சென்னை, கோவை, ஓசூர் பக்கம். முதல் வருஷச் சம்பளம் சாஃப்ட்வேருக்குப் போன நண்பனைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் நாலைந்து போர்டு செய்து முடித்தவரை எந்த கம்பெனியும் லேசில் விடுவதில்லை. இது நான் கண்ணால் பார்த்தது. அரசு வேலை என்றால் நம் பக்கத்தில் எல்லோரும் திருச்சி பெல்லைத்தான் நினைக்கிறோம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு பாரத் எலக்ட்ரானிக்ஸும் இருக்கிறது. மேலே படிக்க ஆசைப்பட்டால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதலாம், இல்லையென்றால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நடத்தும் எம்பெடட் சிஸ்டம்ஸ் (மெஷினுக்குள் அடங்கிய கம்ப்யூட்டர்) டிப்ளமோவைப் பார்க்கலாம்.

"நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று நோட்டீஸ் அடிக்கிற கோர்ஸுக்காக நகையை அடகு வைத்துவிடாதீர்கள், அம்மா. சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு மாணவனும் தான் வரைந்த போர்டைச் செய்து வாங்கி, தன் கையால் கரண்ட் கொடுத்துப் பார்ப்பானா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவன் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன், சிப்பின் விவரங்களைச் சொல்கிற இங்கிலீஷ் டேட்டாஷீட்டைக் கண்டால் தயங்குகிறான் என்றீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். டேட்டாஷீட்டில் கதை கிடையாது. திரும்பத் திரும்ப வருகிற இருநூறு, முந்நூறு வார்த்தைதான். தினம் ஒரு பக்கம் படித்து, புரிந்ததைத் தமிழில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் பயம் போய்விடும்.

பொங்கல் முடிந்து, சம்பா அறுவடை வேலையும் ஒழிந்த பிறகு ஒரு நாள் அவனை அனுப்பிவையுங்கள். நீங்களும் வந்தால் நல்லது. போர்டு ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, அதையும் அளந்து எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். நான் முதலில் அந்த நோட்டைத்தான் பார்ப்பேன்.